பழுப்புக் கோடு பருக்காது

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயே திறக்க மாட்டாள். எனக்குக் கோபம் வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. இந்தக் கதையை அவள் சொல்லியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும். ஆனால் அவள் சொல்ல மாட்டாள். எனக்கோ சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அக்கா மலை வரைந்து சம்பாதித்தவள். ஓவியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வரைபட அலுவலகத்தில் வேலை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்து ஒரு கோடு, அதற்கு மேலே இன்னொரு கோடு, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால் காகிதத்தில் மலை எழும்பும். கோடுகள் நெருங்கி வந்தால் அங்கே செங்குத்து. விலகிப் போனால் சரிவு. அந்தக் கோடுகளின் நிறம் பழுப்பு.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மேசை. காடு பச்சை, ரோடு சிவப்பு, எழுத்து கறுப்பு, ஆறும் ஓடையும் நீலம். தனித்தனிக் கண்ணாடித் தாள்களில் வரைந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். ஆட்களையும் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். “பச்சை இன்னிக்கு லீவு”, “சிவப்புக்குப் பல்வலி”, “கறுப்பு வீட்ல பொண்ணு பிறந்திருக்கு, செக்கச்செவேல்னு இருக்காம்.” என் அக்கா பேர் பழுப்பு. பக்கத்து மேசையில் நீலம். அந்த நீலம்தான் பிற்பாடு எனக்கு மாமாவாக வந்து சேர்ந்தார்.

நீலத்துக்கும் பழுப்புக்கும் எந்நேரமும் சண்டை. ஓடை என்றால் பள்ளத்தில்தானே ஓட வேண்டும்? இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில இடத்தில் தண்ணீர் மேட்டில் ஏறும். “உங்க தண்ணி மலையேறுது, கொஞ்சம் இறக்கி விடுங்க” என்பாள் அக்கா. “என் தண்ணி சரியாத்தான் போகுது, உங்க மலையைத் தள்ளி வைங்க” என்பார் அவர். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்போதே எனக்குச் சந்தேகம். இவ்வளவு சண்டை சும்மா வராது.

எனக்கு அவள் சமையல் சொல்லித் தரவில்லை, பின்னல் சொல்லித் தரவில்லை. கோடு போடத்தான் சொல்லித் தந்தாள். நான் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றில் மலை வரைந்துகொண்டிருந்தபோது என் கையைத் தட்டிவிட்டாள். “ஆரம்பிச்ச இடத்துல மெல்லிசு, முடிச்ச இடத்துல தடிமன். இது என்ன, ஓடையா? ஓடைதான் ஊத்துக்கிட்ட மெல்லிசா தொடங்கி, போகப் போகப் பருக்கும். மலை பருக்குமா? பழுப்புக் கோடு பருக்காதுடி.” நீல மேசைக்காரர்களின் கை அப்படிப் பழகிப்போயிருக்கும் என்றும், அவர்களிடம் கறிக்கடைக் கணக்கைக் கூட்டச் சொன்னால் அடிக்கோடுகூடப் பருத்துக்கொண்டேதான் போகும் என்றும் கேலி செய்தாள்.

இனி அந்த மேகத்துக்கு வருகிறேன்.

ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலைக்காடு. யாரும் உள்ளே போய் அளக்கவில்லை. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அக்கா அந்தத் தாளை வரைந்தாள். மற்ற இடமெல்லாம் சரியாக வந்துவிட்டது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு மட்டும் எந்தப் படத்தை எடுத்தாலும் மேகத்துக்கு அடியில் கிடந்தது. அப்படி இருந்தால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டு, ‘மேகம், விவரம் இல்லை’ என்று எழுத வேண்டும் என்பது அலுவலகத்து விதி. அக்கா அப்படியே விட்டாள்.

மேலதிகாரியை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். வயதில் பெரியவர் இல்லை, நாற்காலியில் பெரியவர். அந்த வரைபட வரிசையில் அதுதான் கடைசித் தாள். ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடுத்தார் என்று பேர் வாங்க அவருக்கு ஆசை. வெள்ளை ஓட்டையோடு ஒரு தாள் போனால் அந்தப் பேர் என்ன ஆவது?

“இந்தப் பக்கம் கோடு வந்து நிக்குது. அந்தப் பக்கமும் கோடு வந்து நிக்குது. நடுவுல சேர்த்து விடும்மா. என்ன பெரிய வித்தை?”

“நடுவுல என்ன இருக்குன்னு தெரியாதுங்க.”

“வேற என்ன இருக்கப்போகுது, உன் மாமியார் வீடா? காடுதான் இருக்கும்.”

“எனக்கு இன்னும் மாமியாரே வரலைங்க. அங்க பாறை நேரா இறங்குச்சுன்னா? சரிவுன்னு நம்பி ஒருத்தர் காலை வச்சா?”

“அந்தக் காட்டுக்கு எவன் போகப்போறான்?”

“யாரும் போக மாட்டாங்கன்னா படம் எதுக்குங்க போடுறோம்?”

பதில் இல்லாத மேலதிகாரி என்ன செய்வார்? மிரட்டுவார். ஒரு வாரத்துக்குள் முடிக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா பேனாவைத் துடைத்து மூடி வைத்துவிட்டு லீவு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீடு இரண்டுபட்டது. “கோடு போடச் சொன்னா போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? கொலையா பண்ணச் சொன்னாங்க?” என்று அப்பா குதித்தார். “கொலைதான்ப்பா, ஆள் யாருன்னு இன்னும் தெரியலை, அவ்வளவுதான்” என்றாள் அக்கா. அம்மா இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் நீலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். சட்டைப் பையில் மைக்கறை. உட்காரச் சொன்னதற்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“பெரியவர் மனசு மாறிட்டாருங்க. தாள் வெள்ளையாவே அச்சுக்குப் போயிடுச்சு. நீங்க திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. நீங்க செஞ்சதுதான் சரி.”

வீட்டில் அப்பா திட்டியபோது அழாதவள் அப்போது அழுதாள். அவர் போன பிறகு, “நான் செஞ்சது சரின்னு சொல்ல ஒருத்தர் இருந்தார் பாரு” என்று என்னிடம் சொன்னாள். அடுத்த வருஷம் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். ஏன் அவரைப் பிடித்தது என்று யார் கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான். “ஊரே எதிர்த்தப்ப என் பக்கம் நின்ன ஒரே ஆள்.”

அச்சான தாளை அவள் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்க முடியாது. அச்சடிப்பது வேறு ஊரில். அந்த மாதிரி மலைக்காட்டுத் தாள்கள் அப்போது வெளியே விற்பனைக்கும் இல்லை. அச்சானதும் கட்டிப் பூட்டிவிடுவார்கள், வரைந்தவர்களே திரும்பப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அக்காவுக்குப் பதவி உயர்வும் வந்தது. நேர்மைக்குக் கிடைத்தது என்று அப்பாவே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வெள்ளை இடம்தான் அக்காவுக்கு முதுகெலும்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஜெயித்தவள் என்ற நிமிர்வு அவளுக்கு. அதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பெண் வீட்டார் வந்து விசாரித்தார்கள். “நல்ல பையனாங்க?” என்றார்கள். “தெரியாது” என்றாள். நல்லவன் என்று சொன்னால் வாயா வலிக்கும்? அந்தச் சம்பந்தம் முறிந்து, பக்கத்து வீட்டோடு பேச்சும் முறிந்தது. நான் திட்டினால், “எனக்கு அவனைத் தெரியாதுடி, தெரியாத இடத்துல கோடு போட மாட்டேன்” என்பாள். போய்த் தொலை என்று விட்டுவிடுவேன். ஆனால் எனக்கு ஒரு சிக்கல் வந்தால் ஓடிப்போய்க் கேட்பது அவளிடம்தான். அவள் ஒன்றைச் சரி என்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

இப்போது எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவும் மாமாவும் ஓய்வு பெற்று மாடி வீட்டில் இருக்கிறார்கள், கீழே நான். மாமாவுக்குக் கை நடுக்கம். டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பாள் அக்கா, முழுசாக ஊற்றினால் மீதியைத் தரைதான் குடிக்கும்.

போன மாதம் திரைச்சீலைத் துணி பார்க்க, வீட்டு அலங்காரச் சாமான் விற்கும் புதுக் கடை ஒன்றுக்குப் போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பெரிய வரைபடம். ‘பழங்கால மலைக்காட்டு வரைபடம், வரவேற்பறைக்கு ஏற்றது’ என்று அட்டை. பூட்டி வைத்திருந்ததையெல்லாம் இப்போது திறந்து விட்டார்களாம், அதைப் பெரிதாக்கி விற்கிறார்கள். ஓரத்தில் பார்த்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே அதை வரைந்தவர் பேரைச் சுருக்கி இரண்டெழுத்து. பழுப்புக்கு எதிரே என் அக்கா. நீலத்துக்கு எதிரே மாமா. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துணியாவது மண்ணாவது என்று வீட்டுக்கு ஓடினேன்.

“நீங்க ரெண்டு பேரும் வரைஞ்ச படம் கடையில தொங்குது! கிளம்புங்க, கிளம்புங்க!”

அக்கா உடனே புடவை மாற்றப் போனாள். மாமா எழுந்திருக்கவில்லை. “பழைய குப்பை. அதைப் போய்ப் பார்த்துக்கிட்டு” என்றார். முட்டி வலி என்றார். வெயில் என்றார். மூஞ்சியில் ஈயாடவில்லை. நான் அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

கடையில் அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவள் விரல் நேராக நடு இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

“வெள்ளை எங்க?”

வெள்ளை இல்லை. இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் நடுவில் கைகோத்துக்கொண்டு, வழவழவென்று ஒரு சரிவாக இறங்கியிருந்தன. குழந்தைகள் ஓடி விளையாடலாம் போல. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படுகிற தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“என் அக்கா வரைஞ்சதுல யாரோ கை வச்சிருக்காங்க! இது பொய்ப் படம்! கழட்டுங்க முதல்ல!” என்று கத்தினேன். கடையை நடத்துகிற பெண் ஓடிவந்தாள். சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஓரத்தைக் காட்டினாள்.

“ஆன்ட்டி, இது உங்க அக்கா எழுத்துதானே?”

“ஆமா.”

“அப்ப இவங்க வரைஞ்சதுதானே? வரைஞ்சவங்களே வந்து தப்புன்னு சொன்னா நான் என்ன பண்றது? சுவர்ல மாட்டுறதுக்குத்தானே, சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன?”

“சுவர்ல மட்டும்தானா?” என்று அக்கா கேட்டாள். கடைக்குள் வந்த பிறகு அவள் பேசிய இரண்டாவது பேச்சு அது.

“அந்தக் காட்டு அடிவாரத்துல ஒரு லாட்ஜ் தொடங்கியிருக்காங்க. மலையேற வர்றவங்களுக்குக் குடுக்க இதையே துணியில அச்சடிச்சுக் கேட்டிருக்காங்க. கழுத்துல கட்டிக்கலாம், வழியும் பார்த்துக்கலாம்.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வா, வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். செத்தும் நிம்மதியாக விடவில்லையே அந்தப் பெரியவர் என்று கரித்துக்கொட்டினேன். என் பேச்சு அக்கா காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

வீட்டில் மாமா மேசையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். படித்த மாதிரி இல்லை. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருக்கு எதிரே போய் நின்றாள்.

“பழுப்புக் கோடு பருக்குமா?”

மாமா பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“சொல்லுங்க. மலைக்கோடு மெல்லிசா தொடங்கி, போகப் போகப் பருக்குமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடுகளை வரைந்தது நீல மேசைக் கை.

“உனக்காகத்தான் செஞ்சேன்” என்றார் மாமா.

உனக்காக! இந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. அவள் கேட்டாளா? அவள் வேலையை விடத் துணிந்து வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அப்பாவிடம் வசவு வாங்குகிறாள், தெரியாத இடத்தில் கோடு போட மாட்டேன் என்று கல்லாக நிற்கிறாள். இவர் அவளுடைய தாளை எடுத்து, அவளுடைய எழுத்து இருக்கிற தாளை எடுத்து, கற்பனையில் ஒரு மலைச்சரிவை வரைந்து, ‘வீட்ல வச்சு முடிச்சுக் குடுத்துட்டாங்க’ என்று பெரியவரிடம் நீட்டியிருக்கிறார். அதையும் அவரே சொன்னார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து, வெள்ளையாகவே போயிற்று என்று பொய் சொல்லியிருக்கிறார்.

“வேலை போயிருக்கும்மா. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்...”

“போயிருந்தா வேலைதானே போயிருக்கும்?” அக்காவின் குரல் ஏறவே இல்லை. “எனக்குப் பதவி உயர்வு எதுக்குக் குடுத்தாங்க? நான் ஓய்வு பெற்ற அன்னிக்குப் பெரியவர் வந்து மேடையில என்ன சொன்னார்? ‘முதல்ல முரண்டு பிடிச்சாலும் கடைசியில சொன்னபடி கேட்ட பொண்ணு’ன்னார். நான் கேலின்னு நினைச்சுச் சிரிச்சேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கை தட்டுனீங்க.”

மாமா அழுதார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. “ஏன் மாமா, இத்தனை வருஷமா இவ அந்தக் கதையைப் பெருமையா சொல்றப்பல்லாம் உங்களுக்குச் சோறு எப்படி இறங்குச்சு?” என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

“அந்த மேகத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் அக்கா.

“தெரியாது.”

“இதை நாளைக்குக் கடைக்கு வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. என் எழுத்து இருக்கு. துணியைக் கழுத்துல கட்டிக்கிட்டு எவளோ ஒருத்தி அந்தச் சரிவுல இறங்குறதுக்கு முன்னாடி வந்து சொல்லுங்க.”

“அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடியா? நாலு பேர் இருப்பாங்களேம்மா.”

“பெரியவர் முன்னாடி எனக்குப் பதிலா பேசத் தெரிஞ்சதுல்ல? இப்ப உங்களுக்காகப் பேசுங்க.”

அன்று டீ போட்டாள். அவருக்குப் பாதி டம்ளர்தான் ஊற்றினாள், வழக்கம்போல. ஆனால் கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். மாமாவுக்கு முட்டி வலி என்ற பேச்சே இல்லை. கடையில் சோபா பார்க்க வந்த ஒரு குடும்பமும் நின்றுகொண்டிருந்தது. மாமா படத்தைக் காட்டிச் சொன்னார். “இந்த இடத்தை வரைஞ்சது இவங்க இல்லம்மா, நான். பார்த்து வரையலை. இட்டுக்கட்டி வரைஞ்சேன். இவங்க மாட்டேன்னு சொன்னாங்க. இவங்களுக்குத் தெரியாம நான் செஞ்சேன்.”

கடைக்காரப் பெண் அவரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். சோபா பார்க்க வந்தவர்களும் பார்த்தார்கள். அந்தப் பெண் வேறெதுவும் கேட்காமல் போனை எடுத்து, துணி அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னாள். எங்கள் முன்னாலேயே சொன்னாள். அதற்காக அவளை மெச்சத்தான் வேண்டும்.

“கம்ப்யூட்டர்ல அந்த இடத்தை வெள்ளையாக்கிடுறேன் ஆன்ட்டி. உங்க எழுத்தையும் அப்படியே அழிச்சுடட்டுமா?”

“மேகம்னு எழுதி வெள்ளையாக்கு. அது வெள்ளையான பிறகு பழுப்புக்கு என் எழுத்து இருக்கலாம், மத்ததெல்லாம் என் கோடுதான்” என்றாள் அக்கா. “ஆனா சுவர்ல இருக்கே இந்தப் படம், இதை நான் வாங்கிக்கிறேன். சட்டத்தைக் கழட்டு. ஒரு பேனா குடு.”

படத்தை மேசைமேல் விரித்தார்கள். அக்கா பேனாவை மாமாவிடம் நீட்டி, ஓரத்தில் தன்னுடைய இரண்டெழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அடிச்சுட்டு உங்க எழுத்தைப் போடுங்க.”

மாமா குனிந்தார். அக்காவின் எழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். மெல்லிசாகத் தொடங்கி, போகப் போகப் பருத்தது. பக்கத்தில் தன்னுடைய எழுத்தை எழுதப் போனபோது கை உதற ஆரம்பித்தது. பேனா காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தியது. முதல் எழுத்தே உருப்படியாக வரவில்லை. சோபாக் குடும்பத்தில் ஒரு பெண்மணி உச்சுக் கொட்டினாள். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொடுக்க நான் கை நீட்டினேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள், பள்ளிக்கூடத்துப் படத்தில் தட்டிய அதே மாதிரி.

“விடு. எப்படி வந்தாலும் அவர் கையாவே இருக்கட்டும்.”